பட்டனை அழுத்தி ஏழு நிமிடம்: வீட்டுக் கம்ப்யூட்டரை வேகமாக்கும் வேலை

திருப்பூரில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். 16 வருடமாகச் செய்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் ஒரு அக்கா கூப்பிட்டார். முன் அறையில் இரண்டு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவர். பில், கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில். "பட்டனைத் தட்டிட்டு, டீ வெச்சுக் குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதானுங்க இருக்குது. புதுசு வாங்கிடலாமுங்களா தம்பி?" என்றார்.

செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் திறக்கும்வரை ஏழு நிமிடம். 2016-இல் வாங்கிய மெஷின், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "புதுசு வேண்டாங்கக்கா, இதையே பார்த்துரலாம்" என்றேன். அன்று அந்த வீட்டில் என்ன வரிசையில் வேலை செய்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். முக்கால்வாசி வேலையை நீங்களே செய்யலாம்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் காப்பி. இதில் நான் பிடிவாதக்காரன், அதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ஹார்ட் டிஸ்க் லேசாக 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல், வேகமாகட்டும் என்று, டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக்கை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் டிஸ்க் செத்துப் போயிருந்தது. அவர்கள் மகளுடைய சீர் போட்டோ மொத்தமும் அதில்தான் இருந்தது, வேறு காப்பி இல்லை. அந்த அம்மா உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் காப்பி எடுக்காமல் எந்த மெஷினிலும் கை வைத்ததில்லை.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோ ஃபோல்டர், டேலி டேட்டா ஃபோல்டர் இவை அனைத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ பெரிய பென்டிரைவிலோ போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு அந்தக் காப்பியிலிருந்தே மூன்று நான்கு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது காப்பி. அப்புறம் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் மேலே போகலாம். மஞ்சளில் 'காஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ வந்தால் சுத்தம் செய்கிற பேச்சே வேண்டாம். டிஸ்க்கை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். சிறியதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று பத்திகள் தெரியும். மெஷின் ஆன் ஆன உடனே ஒரு தடவை, பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை பார்த்து எண்களைத் தாளில் எழுதுங்கள். நான் எப்போதும் எழுதுவேன். 'ஸ்லோ' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் வியாதி வேறு வேறு. எது என்று தெரியாமல் கண்டதை அழிக்க ஆரம்பித்தால் ஒரு நாள் போகும், வேகம் வராது.

அக்காவின் மெஷினில் சிபியு 15 சதவீதம்தான். மெமரி 85. டிஸ்க் மட்டும் பத்து நிமிடம் கழித்தும் 100-ஐ விட்டு இறங்கவில்லை. அதாவது பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் கொண்டுவந்து கொடுப்பதற்காகக் காத்திருக்கிறது. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். உங்கள் மெஷினில் எதையுமே திறக்காதபோது மெமரி 80-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. சிபியு 100-இல் நின்றால் அந்தப் பத்தியின் தலைப்பை அழுத்துங்கள், எந்த புரோகிராம் தின்கிறது என்று மேலே வந்துவிடும். எல்லாமே குறைவாக இருந்தும் மெஷின் நகரவில்லை என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். பவர் பிளான் 'பவர் சேவர்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும், கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது அது. அக்காவுடையதில் 23 நாள் காட்டியது. "தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானுங்களே படுக்கிறேன்" என்று அவருக்கு ஆச்சரியம். அவர் சொன்னது உண்மைதான். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கும்போது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. சிஸ்டத்தின் உள்பகுதி டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் எடுக்கப்படுகிறது. முழுதாக முதலிலிருந்து தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும். வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள், போதும்.

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கம். மெஷின் ஆனதும் தானாக எழுந்துகொள்பவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அக்காவிடம் 14 இருந்தன: எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் சாஃப்ட்வேர், பையன் போட்ட டோரண்ட், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு ஆப், இரண்டு மூன்று அப்டேட்டர். ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தேன். டிஸேபிள் செய்வதால் புரோகிராம் அழியாது, நீங்கள் கூப்பிடும்போது வரும். விண்டோஸ் செக்யூரிட்டி, சவுண்ட், லேப்டாப் என்றால் டச்பேட் சம்பந்தப்பட்டவை, இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். ஆன்ட்டிவைரஸ் இரண்டு இருந்தன, ஒன்று காலாவதியானது, இன்னொன்று இலவசப் பதிப்பு. இரண்டும் ஒவ்வொரு ஃபைலையும் போட்டி போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டேன். வேறு எதுவும் இல்லையென்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

இனி இடம். நம் ஊரில் கம்ப்யூட்டர் கொடுக்கும்போது டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். அக்காவுக்கு சி டிரைவ் 100 ஜிபி, அதில் மிச்சம் 3 ஜிபி. டி டிரைவ் 300 ஜிபிக்கு மேல் காலி! டெஸ்க்டாப்பில் வைக்கும் ஃபைலும் சி டிரைவில்தான் போய் உட்காரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்யாண வீடியோ, வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாவற்றையும் டி-க்கு மாற்றினேன். சி-யில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'டிஸ்க் கிளீனப்' என்று தேடித் திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் பழைய விண்டோஸ் அப்டேட் மிச்சங்களும் டெம்ப் ஃபைல்களும் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில விண்டோஸ் 10 பதிப்புகளில் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எல்லாம் நிறையப் பேர் அங்கேதான் வைத்திருப்பீர்கள்.

இங்கே இரண்டு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 'பிரீஃபெட்ச்' ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தால் வேகம் வரும் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம் எந்தெந்த ஃபைலைக் கேட்கும் என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அழித்தால் அடுத்த தடவை இன்னும் தாமதமாகத் திறக்கும். இரண்டாவது, ரெஜிஸ்ட்ரி கிளீனர். விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடம்தான் ரெஜிஸ்ட்ரி. ரெஜிஸ்ட்ரியில் நூறு இருநூறு வரி குறைவதால் மெஷின் ஓடும் வேகம் மாறாது. தப்பான வரி போய்விட்டால் விண்டோஸே எழாமல் போகலாம். 'உங்கள் கம்ப்யூட்டரில் 1,200 பிழைகள்' என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் எதையும் நம்ப வேண்டாம். அந்த மாதிரி அறிவிப்பு திரையின் மூலையில் வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு வெப்சைட்டுக்குத் தெரியாமல் 'அலோ' கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். உபயோகிக்காத எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது மூடியைத் திறப்போம். எங்கள் ஊரில் இதுதான் பெரிய வேலை. பனியன் துணியின் பஞ்சு காற்றிலேயே இருக்கிறது. அக்காவின் பெட்டியைத் திறந்தபோது பிராசஸர் ஃபேனுக்கும் அதன் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க் என்ற உலோகத் துண்டுக்கும் நடுவில் பஞ்சு அமுங்கி அமுங்கி கம்பளி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்றுப் போகவே வழியில்லை. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக இருந்து மதியத்துக்கு மேல் மெதுவாகிறது, ஃபேன் இரைகிறது என்றால் இதுதான் காரணம்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். பெட்டியை வாசலுக்கோ மாடிக்கோ கொண்டு போங்கள், வீட்டுக்குள் ஊதினால் அத்தனையும் திரும்ப உள்ளேதான் வரும். பின்பக்கம் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடும். முதலில் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, பிறகு புளோயரால் கொஞ்சம் தள்ளி நின்று விட்டு விட்டு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். புளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணி கூடவே கூடாது. உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் கழற்றாதீர்கள், வெளியிலிருந்து ஊதுவதோடு சரி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பை விலக்கி வெளியே எடுத்து, தங்க நிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளை ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஃபேனோடு ஹீட் சிங்க்கையும் கழற்றினால் பிராசஸர் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைக்காமல் மாட்டக்கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் அதைக் கழற்றாமலே ஊதுவது நல்லது. லேப்டாப்பும் அப்படித்தான், ஓட்டை வழியாக ஊதினால் போதும். கட்டில் மெத்தை மேல் வைத்து உபயோகிப்பதை நிறுத்தினாலே பாதி சூடு குறையும்.

அக்கா பெட்டிக்கு மேல் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் ஓடும்போதும் அது கழற்றப்படவில்லை. தரையிலிருந்து ஒரு சிறிய ஸ்டூல் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, உறையை ராத்திரிக்கு மட்டும் போடச் சொன்னேன்.

இவ்வளவும் செய்து நேரம் பார்த்தபோது ஏழு நிமிடம் மூன்றே முக்கால் ஆகியிருந்தது. ஒரு பைசா செலவில்லை. ஆனால் டிஸ்க் இன்னமும் நிறைய நேரம் 100-இல்தான் நின்றது. இதற்கு மேல் சுத்தம் செய்து பயனில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டும். ஒரு ஃபைலைத் தேடிப் பிடிக்கச் சராசரியாக நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலைக் கேட்கிறது, தேடுவதிலேயே நேரம் போகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. தேடும் நேரம் நூறு மடங்கு வரை குறைகிறது. உங்களிடம் ஹார்ட் டிஸ்க் இருந்து, செலவு செய்யக் கொஞ்சம் பணமும் இருந்தால், முதல் செலவு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ரேம் இரண்டாவது.

அக்காவுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டு, சி டிரைவை மட்டும் அதற்கு அப்படியே குளோன் செய்தேன். பழைய டிஸ்க் போட்டோவுக்கும் காப்பிக்கும் உள்ளேயே இருக்கிறது. அப்புறம் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' 1 ஆஃப் 2 என்று இருந்தது, அதனால் இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3 வகை ரேமுக்கான ஸ்லாட்டில் டிடிஆர்4 வகை உட்காராது. இப்போது பட்டனிலிருந்து டேலி வரை 40 நொடி. எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் தேவையில்லை, அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே வாரம் ஒரு முறை செய்துகொள்கிறது.

ஒன்று பாக்கி இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். 2016 மெஷினில் அந்தத் தலைமுறை பிராசஸர் கிடையாது. வீட்டு உபயோகிப்பாளர்கள் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதால் அக்காவுக்கு அதைச் செய்து கொடுத்து, பேங்க் வேலையை அதற்கு மேல் இந்த மெஷினில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டேலி இல்லாமல், பிரவுசரும் படமும் மட்டும் பார்க்கிற வீடுகளுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடுகிறது.

"இனி எப்பங்க தம்பி சுத்தம் பண்ணோணும்?" என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு ஓவர்லாக் மெஷினைப் பிரித்துப் பஞ்சு எடுத்து எண்ணெய் விடுகிறீர்களே, அன்றைக்கே இதையும் மாடிக்கு எடுத்துப் போய் ஊதிவிடுங்கள் என்றேன். எங்கள் ஊர்ப் பஞ்சுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதாது, சித்திரை வெயில் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை. சந்தனம் குங்குமம் வைக்கும்போது பெட்டியின் முன்பக்கம் மட்டும் வையுங்கள், காற்று போகும் ஓட்டைகளில் வேண்டாம். பக்கத் தகட்டின் உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி அன்றைய தேதியையும் 40 நொடி என்பதையும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த தடவை மூடியைத் திறக்கிறவர் முதலில் அதைப் பார்ப்பார்.