280 எழுத்துக்குள் தமிழ்

எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்தபோது, 2017 நவம்பரில், பதிவின் வரம்பை 140 எழுத்திலிருந்து 280 ஆக்கினார்கள். தமிழுக்கு அது அவ்வளவு தாராளம் இல்லை. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘தமிழ்’ என்று எழுதினாலே ஐந்து போய்விடும்.

அதனால் எழுதி முடித்ததும் வினைச்சொற்களைத்தான் முதலில் பார்ப்பேன். ‘மழை பெய்து கொண்டிருக்கிறது என்பதைத் தெரிவித்துக் கொள்கிறேன்’ எதற்கு? ‘மழை பெய்கிறது’ போதும். ‘கொண்டிருக்கிறது’ மட்டுமே 15 இடம் தின்கிறது!

அப்புறம், ரத்தம் கேட்டுப் போடும் பதிவு. வணக்கமெல்லாம் வேண்டாம். ரத்த வகை, மருத்துவமனை, ஊர், தேதி, தொலைபேசி எண் ஆகியவை முதல் வரியிலேயே வரட்டும். தேதி இல்லாத வேண்டுகோள் மாதக்கணக்கில் சுற்றும். பாவம், நோயாளியின் வீட்டாருக்கு அழைப்பு வந்தபடியே இருக்கும்.