சப்போரோவில் மூன்று நாள்: எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது, எப்படிச் சுற்றுவது

டோக்கியோவில் கையில் முகவரி இருந்தும் கடையைக் கண்டுபிடிக்க முடியாமல் ஒரே தெருவைச் சுற்றிச்சுற்றி வந்தவர்களுக்கு சப்போரோ பெரிய ஆறுதல். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தலைநகரம் இது. இருபது லட்சத்துக்குச் சற்றே குறைவான மக்கள். ஐனு பழங்குடிகள் வாழ்ந்த சமவெளியில், 1869-க்குப் பிறகு மெய்ஜி அரசு சதுரங்கப் பலகை மாதிரிக் கோடு போட்டுக் கட்டிய ஊர். அதனால் முதல் நாள் முதல் அரை மணி நேரத்தை முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் வயிற்றின் கொள்ளளவைப் பொறுத்தது.

படி 1: நான்கு சொல், இரண்டு எண்

கிதா என்றால் வடக்கு, மினாமி தெற்கு, ஹிகாஷி கிழக்கு, நிஷி மேற்கு. ஊர் நடுவில் கிழக்கு மேற்காக நீளும் ஓடோரி பூங்காதான் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிறது. சோசெய் என்ற சின்ன வாய்க்கால் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிறது. இந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு கடையின் முகவரி 'மினாமி 5, நிஷி 3' என்றால், பூங்காவிலிருந்து தெற்கே ஐந்தாவது வரிசை, வாய்க்காலிலிருந்து மேற்கே மூன்றாவது கட்டம். அவ்வளவுதான். ஒரு கட்டம் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். ஆகவே முகவரியைப் பார்த்தவுடனேயே எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுவிடலாம். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சிக்னல் கம்பத்தில் இருக்கும் பலகையைப் பார்த்து ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். பயிற்சிக்கு ஒன்று: மணிக்கூண்டு 'கிதா 1, நிஷி 2'. பூங்காவின் கிழக்கு முனையில் இருக்கும் தொலைக்காட்சிக் கோபுரத்திலிருந்து அது எந்தப் பக்கம், எத்தனை கட்டம் என்று வரைபடம் பார்க்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நீங்கள் தயார்.

படி 2: வந்து இறங்குவது, நகர்வது

நியூ சிட்டோசே விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம். விரைவு ரயிலில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் சப்போரோ நிலையம். டோக்கியோவில் வாங்கிய சுயிகா என்ற ரயில் கட்டணக் கார்டு இங்கேயும் செல்லும்.

ஊருக்குள் மூன்று சுரங்க ரயில் பாதைகள்: பச்சை, ஆரஞ்சு, நீலம். மூன்றும் ஓடோரி நிலையத்தில் சந்திக்கும். 1972 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக முந்தைய ஆண்டே பச்சைப் பாதையைத் திறந்துவிட்டார்கள். ரயில் ரப்பர் டயரில் ஓடுவதால் அந்தக் கடகடச் சத்தம் இருக்காது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் 'டோனிச்சிகா' என்றொரு ஒருநாள் டிக்கெட் விற்பார்கள். மூன்று தடவை ஏறி இறங்கினாலே போட்ட காசு வந்துவிடும்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம்: சப்போரோ நிலையத்திலிருந்து ஓடோரி வழியாக, இரவுக் கேளிக்கைப் பகுதியான சுசுகினோ வரை தரைக்கடியிலேயே நடந்து போகலாம். மேலே பனி கொட்டும்போது ஊரே கீழேதான் நடக்கும். வெளியே வந்தால், தெருமுனைகளில் பெட்டிகளில் சின்னச்சின்னக் கல்மணல் பைகள் வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து வழுக்கும் இடத்தில் தூவிக்கொண்டே நடக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் சாதாரண ஷூவோடு வந்து வீரம் காட்டாதீர்கள். பனிக்கு ஏற்ற ஷூ உள்ளூரிலேயே கிடைக்கும்.

படி 3: முதல் மதியம் சூப் கறி

ராமென் என்ற நூடுல்ஸ் சூப்புக்கு ஓடாதீர்கள், அது இரவுக்கு. மதியத்துக்கு சூப் கறி. இது இந்த ஊரிலேயே பிறந்தது. 1970-களில் அஜந்தா என்ற பெயர் கொண்ட ஒரு சின்னக் கடையில், மூலிகையும் மசாலாவும் போட்டுக் காய்ச்சிய நீர்த்த கறியாக ஆரம்பித்தது. 1993-இல் திறந்த மேஜிக் ஸ்பைஸ் கடைதான் 'சூப் கறி' என்ற பெயரைப் பரப்பியது. ஜப்பானில் மற்ற ஊர்களில் கிடைக்கும் கறி மாவு கரைத்துக் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். இது அப்படியல்ல. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கிற ஒரு பதம். மேலே மசாலா எண்ணெய் மிதக்கும்.

உட்கார்ந்ததும் மெனு கார்டைப் பார்த்து மிரண்டுவிட வேண்டாம். பரீட்சை மாதிரி ஐந்து கேள்விதான், வரிசையாகப் பதில் சொன்னால் போதும். முதலில் என்ன கறி: கோழிக்காலா, காய்கறியா, பன்றியா. அடுத்து எந்தச் சூப்: வழக்கமானதா, தக்காளியா, தேங்காய்ப்பாலா, இறாலா. கடைக்குக் கடை இது மாறும். மூன்றாவது காரம், எண்ணில் சொல்ல வேண்டும். நான்காவது சோறு எவ்வளவு. கடைசியாக மேலே போட ஏதாவது கூடுதலாக வேண்டுமா.

காரத்தில்தான் நம்மாட்கள் மாட்டிக்கொள்வார்கள். 'மூன்று என்பது காரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்துவிட்டு உச்ச எண்ணைச் சொல்வார்கள். கீழ் எண்கள் நமக்கு ஒன்றுமே இல்லைதான், ஆனால் மேலே போகப்போக வெறும் மிளகாய்த்தூள் சேர்ந்துகொண்டே போகும், சுவை கூடாது. பல கடைகளில் ஓர் எண்ணுக்கு மேல் காசும் கூடும். நடு எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிண்ணம் வரும்போது பாருங்கள்: எண்ணெயில் மாவில்லாமல் பொரித்த பூசணி, கத்தரிக்காய், கேரட், தாமரைத்தண்டு எல்லாம் தலை நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் முழுக் கோழிக்கால். கரண்டியின் ஓரத்தால் தொட்டாலே எலும்பை விட்டு நழுவும். சோற்றைச் சூப்பில் கொட்டிப் பிசைகிற ஆசையை அடக்குங்கள். கரண்டியில் ஒரு வாய்ச் சோறு எடுத்து, அதைச் சூப்பில் முக்கி, அப்படியே வாய்க்கு. சோற்றோடு எலுமிச்சைத் துண்டு வந்தால் சோற்றின் மேலேயே பிழிந்துகொள்ளலாம். சுவாகே, கராக்கு போன்ற கடைகளில் வரிசை நீளும். பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி சூப் கறி என்று இருந்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் கோழி எலும்பு, பன்றி எலும்பு வேகவைத்ததுதான். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சில கடைகளில் தனியாகக் காய்கறிச் சாறே வைத்திருப்பார்கள்.

படி 4: பீர் அருங்காட்சியகம், அப்புறம் செம்மறி

ஹொக்கைடோ குடியேற்ற ஆணையம் 1876-இல் இங்கே ஒரு பீர் ஆலை தொடங்கியது. ஜெர்மனியில் தொழில் கற்றுவந்த நாகாகாவா செய்பெய் அதன் முதல் பீர் வல்லுநர். அதுதான் பின்னாளில் சப்போரோ பீர் ஆனது. இன்று அருங்காட்சியகம் இருக்கும் செங்கல் கட்டடம் 1890-இல் சர்க்கரை ஆலையாகக் கட்டப்பட்டது. சுற்றிப் பார்க்கக் காசு இல்லை, சுவைத்துப் பார்க்கக் காசு உண்டு. மூன்று கோப்பை செட் வாங்குங்கள்: பிளாக் லேபிள், கிளாசிக், அப்புறம் அந்தப் பழைய ஆலையின் செய்முறையில் வடித்த ஒன்று. இதில் கிளாசிக் ஹொக்கைடோவில் மட்டும் விற்பது. திங்கட்கிழமை போய் வாசலில் நிற்காதீர்கள், அன்று விடுமுறை. ஜப்பானில் மது அருந்த இருபது வயது நிறைந்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே பீர் தோட்டத்தில் ஜிங்கிஸ்கான் என்ற சுட்ட செம்மறி இறைச்சி கிடைக்கும். செங்கிஸ்கான் பெயர்தான், ஆனால் மங்கோலியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் உலகப்போரில் கம்பளி இறக்குமதி தடைபட்டதால், ஜப்பான் அரசு செம்மறி வளர்ப்பை ஊக்குவித்தது. கம்பளி போக மிச்சம் இருந்த இறைச்சிக்கு வழி தேடியதில் வந்தது இது.

கவிழ்த்த தொப்பி மாதிரி நடுவில் மேடான இரும்புச் சட்டி. முதலில் உச்சியில் ஒரு துண்டுக் கொழுப்பை வைத்து உருக விடுங்கள். ஓரத்துப் பள்ளத்தில் வெங்காயமும் முளைப்பயறும். மேட்டில் இறைச்சி. கொழுப்பும் சாறும் வழிந்து ஓரத்துக் காய்கறியில் இறங்கும், அதுவே அதற்கு எண்ணெய், உப்பு எல்லாம். இறைச்சியை ஓரத்தில் போட்டால் அவிந்து ரப்பராகிவிடும். அதிகம் வேகவைக்காமல் எடுத்துச் சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

சுசுகினோவில் 1954 முதல் இருக்கும் தாருமா கடை என் விருப்பம். வட்ட மேசையெல்லாம் கிடையாது, நீளமான கவுண்டர், ஆளுக்கொரு கரி அடுப்பு. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் மிஞ்சிய சாஸில் சூடான தேநீரை ஊற்றித் தருவார்கள். முதலில் முகம் சுளித்தேன். குடித்தபின் இன்னொரு கிண்ணம் கேட்க வெட்கமாக இருந்தது. நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போகாதீர்கள், மூன்று நாளைக்கு ஆட்டு வாசனை போகாது.

படி 5: இரவு சுசுகினோ

நிக்கா விஸ்கி விளம்பரத்தில் தாடிக்காரர் கையில் கோப்பையோடு மின்னுகிற நாற்சந்தி, அதுதான் சுசுகினோவின் வாசல். ஒரே ஒரு விதி: தெருவில் நின்று கூப்பிடுகிறவரோடு எந்தக் கடைக்கும் போகாதீர்கள். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. இசகாயா எனப்படும் மதுக்கடைகளில் உட்கார்ந்ததுமே கேட்காமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும். அது இலவசமல்ல, இருக்கைக் கட்டணம் மாதிரி, பில்லில் சேரும். டிப்ஸ் வைக்க வேண்டாம், வைத்தால் துரத்தி வந்து திருப்பித் தருவார்கள்.

குடித்து முடித்தவர்களுக்கு மிசோ ராமென். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. மினாமி 5, நிஷி 3-இல் இருக்கும் ராமென் சந்துக்கு இப்போது உங்களாலேயே போய்விட முடியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசுகிற ஒடுங்கிய சந்து, பதினேழு கடைகள். ராமெனில் மிசோ கரைப்பது 1950-களில் இந்த ஊரில், அஜி நோ சன்பெய் கடையை நடத்திய ஓமியா மோரிதோவின் கைவண்ணம். சுருண்ட மஞ்சள் நூடுல்ஸ், வாணலியில் வதக்கிய முளைப்பயறு. மேலே பன்றிக்கொழுப்பு ஒரு படலமாக மூடியிருக்கும். ஆவி வராததால் ஆறிவிட்டது என்று நினைத்து வாயில் வைத்தால் நாக்கு வெந்துபோகும். சூடு தப்பாமல் இருக்கத்தான் அந்தப் படலம்.

சில ராமென் கடைகளில் வாசலிலேயே டோக்கன் மெஷின் இருக்கும். படமில்லாத ஒரு மெஷினில் விலை மலிவாகத் தெரிந்த பொத்தானை நம்பி அழுத்தினேன். ஒரு கிண்ணம் வெறும் சோறும் அவித்த முட்டையும் வந்தன. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் முட்டையைப் பார்த்தேன். அன்றிலிருந்து என் கொள்கை: புரியாவிட்டால் இடது மேல்மூலைப் பொத்தான். பெரும்பாலும் அந்தக் கடையின் பெயர்பெற்ற ஐட்டம் அங்கேதான் இருக்கும்.

இதற்கும் மேல் வயிற்றில் இடம் இருக்குமா என்று கேட்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் இரவை 'ஷிமே பர்ஃபே' என்ற ஐஸ்கிரீமோடு முடிப்பார்கள். உயரக் கண்ணாடிக் கோப்பையில் பழமும் பால் ஐஸ்கிரீமுமாக அடுக்கியிருக்கும். இரவு பதினோரு மணிக்குக் கோட்டும் டையுமாக ஆட்கள் இதற்கு வரிசையில் நிற்பார்கள்.

படி 6: மறுநாள் காலை

நிஜோ சந்தை ஊர் நடுவில் இருக்கிறது, ஆனால் சுற்றுலாக்காரர்களை நம்பியே விலை வைப்பார்கள் என்பது என் எண்ணம். ஆரஞ்சுப் பாதையில் நிஜூயோன்கென் நிலையம் வரை போய், மொத்த விற்பனைச் சந்தைக்கு வெளியே இருக்கும் ஜோகாய் சந்தையைப் பாருங்கள். நண்டு, கடல்முள்ளெலி, சால்மன் முட்டை எல்லாம் சோற்றின்மேல் பரப்பிய கைசென்டோன் காலை உணவு. பச்சை மீன் ஒத்துவராதென்றால் ஹொக்கே என்ற மீனைச் சுட்டுத் தருவார்கள், முள் குறைவு.

மணிக்கூண்டு 1878-இல் கட்டியது. உயரக் கட்டடங்களுக்கு நடுவே பொம்மை மாதிரி நிற்கும். ஜப்பானியர்களே இதை ஏமாற்றமான இடங்களின் பட்டியலில் சேர்த்துச் சிரிப்பார்கள். ஐந்து நிமிடம் போதும். அதைவிட ஹொக்கைடோ பல்கலைக்கழக வளாகத்தில் நடங்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஜின்கோ மரச்சாலை முழுக்க மஞ்சள். வெயில் காலமென்றால் ஓடோரி பூங்காவில் தள்ளுவண்டியில் சுட்ட மக்காச்சோளம்.

படி 7: மூன்றாம் நாளுக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

ஒத்தாரு, யோய்ச்சி: துறைமுக ஊரான ஒத்தாருவுக்கு ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள், கடல் ஜன்னலை ஒட்டியே வரும். 1923-இல் முடிந்த கால்வாயைப் பார்த்துவிட்டு வேறு ரயில் மாறி யோய்ச்சி போனால் நிக்கா விஸ்கி ஆலை. தாக்கெட்சுரு மசதாக்கா 1934-இல் தொடங்கியது. இன்றும் நிலக்கரி அள்ளிப் போட்டுத்தான் கொப்பரையைச் சூடாக்குகிறார்கள். முன்பதிவு கட்டாயம், ரயில்கள் குறைவு. திரும்பும் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

மோயரெனுமா பூங்கா: குப்பை கொட்டிய இடத்தில், சிற்பி இசாமு நோகுச்சி முழுப் பூங்காவையே ஒரு சிற்பமாக வடிவமைத்தார். 1988-இல் அவர் இறந்துவிட்டார், பூங்கா முடிந்தது 2005-இல். குளிர்காலப் பனியைச் சேமித்து வைத்து, கோடையில் அங்குள்ள கண்ணாடிப் பிரமிடுக் கட்டடத்தைக் குளிரவைக்கிறார்கள்.

மோய்வா மலை: டிராமில் ரோப்வே இரிகுச்சி நிறுத்தம், அங்கிருந்து இலவசப் பேருந்து, பிறகு ரோப்கார். 531 மீட்டர் உயரம். சூரியன் சாய்வதற்கு அரை மணி முன்னால் மேலே இருங்கள். முதல் நாள் எண்ணிப் பழகிய கட்டங்கள் ஒவ்வொன்றாக விளக்கேறும்.

பிப்ரவரி தொடக்கத்தில் பனித் திருவிழா. 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓடோரியில் ஆறு பனிச்சிலை செய்ததில் ஆரம்பித்தது. அந்த வாரத்துக்கு அறை வேண்டுமானால் பல மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அதே பூங்கா பீர் தோட்டமாகிவிடும்.

கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். உள்நாட்டு முனையத்தில் ராமென் கடைகள் மட்டுமே அடுத்தடுத்து இருக்கும் ஒரு பகுதி உண்டு. முதல் இரவில் ராமென் சந்தில் பார்த்துவிட்டு விட்டுவந்த பட்டர் கார்ன் ராமெனை அங்கே முடித்துவிடலாம். மெஷின் இருந்தால், இடது மேல்மூலை.