டெர்மினலில் மின்னஞ்சல்: ஆல்பைனில் தொடங்குங்கள்

டெர்மினலிலேயே, அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையிலேயே, அஞ்சல் படிக்க எது நல்லது என்று கேட்டால் பலரும் மட் என்பார்கள். 1995 முதல் இருக்கும் அருமையான நிரல்தான். ஆனால் ஜிமெயிலை அதில் திறக்க அமைப்புக் கோப்பை நீங்களே எழுத வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஆல்பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த பைன் என்ற அஞ்சல் நிரலின் வாரிசு, 2007இல் வந்தது. எந்தத் திரையில் இருந்தாலும் அங்கே என்ன விசை வேலை செய்யும் என்று கடைசி இரண்டு வரிகளில் காட்டிக்கொண்டே இருக்கும். யூனிகோடும் தெரியும் என்பதால் தமிழ் அஞ்சல் வரும்; சில டெர்மினல்களில் கொம்பும் காலும் கொஞ்சம் இடம் மாறித் தெரியலாம்.

முதல் வேலை கூகுள் கணக்கில். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (இதுபோன்ற நிரல்களுக்கென்று கூகுள் தரும் தனிக் கடவுச்சொல்) ஒன்றை உருவாக்குங்கள். வழக்கமான கடவுச்சொல்லை இங்கே கொடுத்தால் உள்ளே விடாது.

உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் ஆல்பைன் என்ற பெயரிலேயே நிறுவலாம். திறந்ததும் எஸ், பிறகு சி அழுத்தினால் அமைப்புப் பக்கம். இனி வருவதையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

அஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி சர்வர் வரியில் என்டர் தட்டி, எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்:587/டிஎல்எஸ்/யூசர்= என்று எழுதி, இடைவெளி விடாமல் உங்கள் முழு முகவரியைச் சேருங்கள். அடுத்து, வரும் அஞ்சலைப் படிப்பதற்கான இன்பாக்ஸ் பாத் வரி. அது முதலில் சர்வர் பெயரைக் கேட்கும்: ஐமேப்.ஜிமெயில்.காம்/எஸ்எஸ்எல்/யூசர்= அப்புறம் அதே முகவரி. இரண்டாவதாகக் கோப்புறையைக் கேட்கும். இன்பாக்ஸ் என்று கொடுத்தால் போதும்.

பலர் தவறவிடுவது அனுப்புநர் முகவரி. சும்மா விட்டால் உங்கள் லினக்ஸ் பயனர் பெயரையே ஆல்பைன் முகவரியாக்கிவிடும். அதே பக்கத்தில் கீழே போய், கஸ்டமைஸ்டு ஹெடர்ஸ் வரியில் ஃப்ரம் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து உங்கள் சரியான முகவரியைப் போடுங்கள். அல்லோ சேஞ்சிங் ஃப்ரம் பெட்டியில் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள்.

ஈ அழுத்தி, சேமிக்கவா என்று கேட்டால் ஒய். நிரலை மூடித் திறந்தால் கடவுச்சொல் கேட்கும். அந்த 16 எழுத்துகளைக் கொடுங்கள். ஐ அழுத்தினால் அஞ்சல் பட்டியல், ஆர் பதில் எழுத. டி அழுத்தினால் நீக்கும் குறி மட்டுமே விழும். எக்ஸ் அழுத்தி உறுதி சொன்ன பிறகுதான் பட்டியலிலிருந்து போகும். அதுவரை யூ அழுத்தி மீட்கலாம்.

சரி, இப்போது சி அழுத்தி உங்களுக்கே இரண்டு வரி எழுதி, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தி அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் அனுப்புநர் வரியைப் பாருங்கள். அங்கே லினக்ஸ் பயனர் பெயர் தெரிந்தால் மறுபடி அந்தக் கஸ்டமைஸ்டு ஹெடர்ஸ் வரிக்குப் போங்கள்.