ரேஞ்சஸ் இல்லாமல் டிரைவர் ஏறாது
கர்னலுக்கு வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில், ஒரு பஸ் நோடுக்குள் (சாதனங்களை இணைக்கும் பஸ்ஸை விவரிக்கும் பகுதி) சீரியல் போர்ட்டைச் சேர்த்ததும் டிரைவர் ‘இன்வேலிட் ரிசோர்ஸ்’ என்று நின்றுவிட்டது. சாதனத்தின் முகவரியைச் சொல்லும் ரெஜ் சரிதான், ஆனால் பஸ் முகவரி எந்த சிபியு முகவரிக்குப் பொருந்தும் என்று சொல்லும் ரேஞ்சஸ் பஸ் நோடில் இல்லை. அது இல்லாவிட்டால் பஸ் முகவரியை சிபியு முகவரியாக மாற்ற கர்னலுக்கு வழியே கிடையாது. காலியாக எழுதினால் கதை வேறு: இரண்டு முகவரியும் ஒன்றே என்று பொருள்.

செல் என்றால் ஒரு 32-பிட் எண்; முகவரிக்கு எத்தனை செல் என்று அட்ரஸ்-செல்ஸும், அளவுக்கு எத்தனை என்று சைஸ்-செல்ஸும் சொல்லும். மேல் நோடில் அட்ரஸ்-செல்ஸ் 2. பஸ்ஸில் அட்ரஸ்-செல்ஸ், சைஸ்-செல்ஸ் இரண்டும் 1. ஆகவே ரேஞ்சஸுக்கு நான்கு செல், ஹெக்ஸில்: 0, 0, 40000000, 100000. முதலாவது பஸ் முகவரி, அடுத்த இரண்டும் சேர்ந்து சிபியு முகவரி, கடைசியில் அளவு. பலரும் மூன்று செல்லோடு நிறுத்திவிடுவார்கள்.

ரெஜ் 4000 என்றால் நோட் பெயர் சீரியல்@4000தான், முழு முகவரி அல்ல. ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு), கர்னலின் முகவரிப் பட்டியலான ஐயோமெம் கோப்பைத் திறந்தால் 40004000 தெரிய வேண்டும். ரூட் இல்லாமல் பார்த்தால் வெறும் பூஜ்யங்களே வரும்.