‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதுவது எப்படி? செப்டம்பர் 11-ஐ வைத்து ஒரு பயிற்சி

எங்கள் ஊர் நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது சில வருடங்களாக என் வேலை. முதல் வருடம் செப்டம்பர் 11 அன்று, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எடுத்து “1921: பாரதியார் யானை மிதித்து மறைந்தார்” என்று எழுதிவிட்டேன். பேப்பர் படிக்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல் டஸ்டரை எடுத்து அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்க உங்கள் பிள்ளைக்கு எழுதித் தர வேண்டுமென்றாலும் இதே முறைதான். அதே செப்டம்பர் 11-ஐயே எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், முதல் நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம். காலையில் சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தால், கண்ணில் பட்டதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

படி 1: முதலில் அள்ளிப் போடுங்கள்

நிகழ்வு, பிறப்பு, மறைவு என்று பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். சரிபார்ப்பதெல்லாம் பிறகு. கிடைத்ததையெல்லாம் எழுதுங்கள். செப்டம்பர் 11-க்கு எனக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை: 1893-ல் சிகாகோ சர்வசமய மாநாட்டில் விவேகானந்தர் பேசியது, 1906-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் காந்தி கூட்டிய கூட்டம், 1973-ல் சிலியில் ராணுவப் புரட்சி, 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். பிறந்தவர்கள் வினோபா பாவே (1895), கிரிக்கெட் வீரர் லாலா அமர்நாத் (1911). மறைந்தவர்கள் பாரதியார் (1921), ஜின்னா (1948), ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய இம்மானுவேல் சேகரன் (1957), சோவியத் தலைவராக இருந்த குருஷேவ் (1971).

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, இடம், வினைச்சொல்

ஆண்டையும் இடத்தையும் யாரும் பெரும்பாலும் தவற விடுவதில்லை. சறுக்குவது வினைச்சொல்லில்தான். அந்த 1973 புரட்சியின்போது சிலி அதிபர் அயெந்தே “சுட்டுக் கொல்லப்பட்டார்” என்று பல இடங்களில் பார்க்கலாம். 2011-ல் உடலைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது, தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார் என்றே உறுதியானது. அதேபோல 1906 கூட்டத்தைச் ‘சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறந்த நாள்’ என்பார்கள். அன்று எம்பயர் தியேட்டரில் நடந்தது, டிரான்ஸ்வால் அரசு கொண்டுவரவிருந்த ஆசியர் பதிவுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்ற உறுதிமொழி. பெயர் பின்னால்தான் வந்தது. “உறுதி எடுத்தார்கள்” என்று எழுதினால் போதும்.

விவேகானந்தருக்கு ‘உலகையே உலுக்கினார்’ எல்லாம் வேண்டாம். “உரையாற்றினார்” போதும், பலகையில் இடமும் மிச்சம்.

படி 3: தேதி அந்தத் தேதிதானா?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, நள்ளிரவு தாண்டியதா? பாரதியின் உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். கடிகாரக் கணக்கில் அது 12. அதனால் சில நூல்களில் 11 என்றும் சிலவற்றில் 12 என்றும் இருக்கும். ஆனால் நம் வழக்கில் பொழுது விடிந்தால்தானே அடுத்த நாள்? அந்தக் கணக்கில் 11-தான் சரி. 2021-ல் தமிழக அரசு ‘மகாகவி நாள்’ என அறிவித்ததும் 11-ஐத்தான். நான் “செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்” என்று எழுதுகிறேன். இரண்டு கட்சிக்காரர்களும் சண்டைக்கு வருவதில்லை.

இரண்டு, எந்த ஊர் நேரம்? முதல் விமானம் கோபுரத்தில் மோதியபோது நியூயார்க்கில் காலை 8.46. நமக்கு மாலை 6.16. நியூசிலாந்திலோ மறுநாள் பிறந்துவிட்டது, 12-ஆம் தேதி 12.46. சம்பவம் நடந்த ஊரின் தேதியைத்தான் எழுத வேண்டும்.

மூன்று, எந்த நாட்காட்டி? 1752-க்கு முந்தைய ஆங்கிலேயர் தேதி எது வந்தாலும் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியனுக்கு மாறியது 1752-ல். அந்த வருடம் செப்டம்பர் 2 புதன்கிழமை. விடிந்தால் செப்டம்பர் 14 வியாழக்கிழமை! ஆக 1752 செப்டம்பர் 11 என்ற நாளே பிரிட்டிஷ் கணக்கில் கிடையாது. பிரான்ஸ் 1582-லேயே மாறிவிட்டது. அதனால் 1752 வரை சென்னைக் கோட்டையும் புதுச்சேரியும் வேறு வேறு தேதியில் வாழ்ந்தன. 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் சென்னை விழுந்த நாள் ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. ஒரே நாள்தான். இது தெரியாமல் இரண்டு தேதியிலும் ஒரே சம்பவத்தை எழுதியவன் நான்.

படி 4: காரணத்தைத் தனியாகப் பாருங்கள்

யானைக்கு வருவோம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை பாரதியைத் தள்ளியது உண்மை. அவருடைய அன்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் அது நடந்தது சில மாதங்கள் முன்பு. அதற்கப்புறம் ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்துக்குப் போய் உரையாற்றியும் திரும்பியிருக்கிறார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. வயது 38.

காரணம் உறுதியாகத் தெரியாத இடங்களில் “மறைந்தார்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: கழியுங்கள்

பலகையில் ஐந்து வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. குருஷேவை நான் விட்டுவிடுவேன், பெரிய ஆள்தான், இருந்தாலும். இம்மானுவேல் சேகரனை விட மாட்டேன். பரமக்குடியில் கொலையுண்ட அவருடைய நினைவுநாளுக்கு இன்றும் ஆண்டுதோறும் அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். அந்தப் பெயர் நம்மூர்ப் பலகையில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கும்? பிள்ளைகள் நின்று படிக்க ஒரு கிரிக்கெட் வரியும் வேண்டும்: டெஸ்ட் போட்டியில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்தவர் லாலா அமர்நாத்.

படி 6: பலகையில் ஏற்றுங்கள்

1893: சிகாகோ சர்வசமய மாநாட்டில் விவேகானந்தர் உரையாற்றினார்.
1895: வினோபா பாவே பிறந்தார்.
1911: லாலா அமர்நாத் பிறந்தார். டெஸ்டில் இந்தியாவின் முதல் சதம் இவருடையது.
1921: பாரதியார் சென்னையில் மறைந்தார் (11 நள்ளிரவுக்குப் பின்).
1957: இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

ஆண்டுகளை மஞ்சள் சாக்பீஸில் எழுதினால் தூரத்திலிருந்தே தெரியும். அடியில் ஒரு வரி காலியாக விட்டுவிடுங்கள். யாராவது வந்து திருத்தம் சொன்னால் அங்கே எழுதலாம். நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வருடம் இடமில்லாமல் விட்ட காந்தியும் சிலியும் அடுத்த செப்டம்பரில் தேவைப்படுவார்கள்.