மெய்நிகர் போர்ட்டின் நிலையை மதிக்காத நெட்வொர்க் டிரைவரைத் திருத்தும் முறை

திருகோணமலை உவர்மலையில் எனது அறையிலுள்ள சர்வர் யூபிஎஸ்ஸில் இயங்குகிறது. அதனுடன் கேபிளால் இணைந்த நெட்வொர்க் சுவிட்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எனவே மார்கழி மழையில் மின்சாரம் நின்று திரும்பும்போதெல்லாம், நான் முடக்கி வைத்திருந்த மெய்நிகர் போர்ட் ஒன்று தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். சில நாட்கள் சுவிட்சைத்தான் வீணாகச் சந்தேகித்தேன்; பிழை இருந்ததோ நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில்.

எஸ்ஆர்-ஐஓவி வசதியுள்ள நெட்வொர்க் கார்டு, தன்னைப் பல மெய்நிகர் போர்ட்களாக, அதாவது விஎஃப்களாகப் பிரித்து மெய்நிகர் கணினிகளுக்கு வழங்கும். ஒவ்வொரு விஎஃப்புக்கும் ஒரு நிலையை விதிக்கும் வசதி லினக்ஸில் 2013இல் சேர்ந்தது. ‘ஆட்டோ’ என்றால் அது கேபிளின் நிலையை, அதாவது அதில் இணைப்பு (லிங்க்) இருக்கிறதா இல்லையா என்பதைப் பின்பற்றும். ‘எனேபிள்’ என்றால் கேபிள் கழன்றிருந்தாலும் அதே கார்டின் மற்ற விஎஃப்களுடன் பேசும். ‘டிசேபிள்’ என்றால் அது அனுப்பும் பொதிகள் கைவிடப்படும்.

படி 1: பிழையை வேண்டுமென்றே வரவழையுங்கள். லினக்ஸின் ஐபி லிங்க் (ip link) கட்டளையால் விஎஃப் 0ஐ ‘டிசேபிள்’ ஆக்கி, கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். சர்வரில் ‘டிசேபிள்’ என்றே காட்டும். மெய்நிகர் கணினிக்குள் பார்த்தால் லிங்க் வந்திருக்கும்.

படி 2: டிரைவரில் விஎஃப்பின் நிலை மாறும் இடங்களைத் தேடுங்கள். எனது டிரைவரில், கட்டளையை ஏற்கும் ஃபங்ஷன் நமது உத்தரவைச் சேமித்து விஎஃப்புக்கும் அறிவித்தது. ஆனால் கேபிளின் நிலை மாறும்போது இயங்கும் ஃபங்ஷனோ, சேமித்த உத்தரவைப் பாராமல், எல்லா விஎஃப்களுக்கும் கேபிளின் நிலையையே அனுப்பிக்கொண்டிருந்தது.

படி 3: சிறிய ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். அது உத்தரவையும் கேபிளின் நிலையையும் பெற்று, ‘எனேபிள்’ எனில் ‘அப்’ என்றும், ‘டிசேபிள்’ எனில் ‘டவுன்’ என்றும், ‘ஆட்டோ’ எனில் கேபிளின் நிலையையும் திருப்பித் தர வேண்டும். விஎஃப்புக்குச் செய்தி அனுப்பும் எல்லா இடங்களும், கார்டு ரீசெட் ஆன பின் வரும் இடம் உட்பட, இதனையே கேட்கட்டும். புதியவர்கள் இங்கே வழக்கமாகச் சறுக்குவதுண்டு: தற்போதைய நிலையை உத்தரவு இருந்த மாறியிலேயே (வேரியபிளிலேயே) எழுதிவிடுவார்கள், அப்போது ‘ஆட்டோ’ என்ற உத்தரவு தடயமின்றி அழிந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி மாறிகள் வேண்டும். கார்டு சைகை தந்ததும் உடனே இயங்கும் இன்டரப்ட் ஹேண்ட்லர் உறங்கக் கூடாது என்பதால், அங்கே காத்திருக்க வைக்கக்கூடிய மியூடெக்ஸ் பூட்டைப் பிடிக்காமல், வேலையைப் பிறகு செய்யும் வரிசையான வொர்க்க்யூவுக்குத் தள்ளிவிடுங்கள்.

படி 4: மூன்று உத்தரவுகளையும் கேபிளின் இரு நிலைகளிலும் சோதித்தால் ஆறு சோதனைகள் வரும். கார்டை ரீசெட் செய்து ஆறையும் மறுபடி நடத்துங்கள். என் முதல் திருத்தம் அங்கேதான் தோற்றது.