சீனப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கக் கிளம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுக்கப் போகிறோம், நம்மை யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் நிறைய பேர் சீனாவுக்குக் கிளம்புகிறார்கள். பாதிச் சிக்கல் அந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. விசா அதிகாரிக்கும் சரி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பிள்ளைகளுக்கும் சரி, நீங்கள் காசு வாங்கவில்லை என்பதற்காக எந்த விதியும் தளராது.

முதலில் விசா. “டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், விஷயம் பெரிதானால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைக்கலாம். ஊதியமே இல்லாமல் 90 நாளுக்குள் முடிகிற தொண்டுக்கு எஃப் விசா, அதற்கு மேல் தங்குவதானால் இசட் எனும் வேலை விசாவும் வேலை அனுமதியும். கைச்செலவுக்கு என்று பள்ளி மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொன்னால், அது தொண்டுக் கணக்கில் வருமா வேலைக் கணக்கில் வருமா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள், பள்ளிக் குவார்ட்டர்ஸிலோ ஒருவர் வீட்டிலோ தங்கினால் நீங்களோ இடம் தந்தவரோதான் பதிவு செய்ய வேண்டும்.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவின் வேலை அனுமதி விதிகள், மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. உங்கள் இங்கிலீஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விண்ணப்பம் அந்த இடத்தில் நின்றுவிடலாம். இது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து, ஆனால் நிலவரம் இதுதான். அதனால் ஏஜென்ட் கையில் முன்பணம் கொடுக்கும் முன், இதே பாஸ்போர்ட்டில் போன ஒருவருக்கு எந்த அனுமதி கிடைத்தது என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வழியாகப் போகிறீர்கள் என்றால், 2017 ஜனவரி முதல் அந்த நிறுவனமே சீனப் போலீஸ் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது அந்த வேலைக்கென்று தற்காலிக அனுமதியாவது வாங்கியிருக்க வேண்டும், அதையும் விசாரியுங்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். இங்கேதான் ஆர்வமுள்ளவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துப் போகாதீர்கள். 2001 முதலே மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் தொடங்கிவிடுகிறது, கல்லூரி நுழைவுத் தேர்வில் அதற்கு 150 மதிப்பெண். இலக்கணத்தில் உங்களையே மடக்குகிற பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் வாயைத் திறக்கத் தயங்குவார்கள், ஏனென்றால் பல மாகாணங்களில் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது, தப்பாகப் பேசினால் ஐம்பது பேர் முன்னால் மானம் போகும். நீங்கள் நின்று இலக்கணம் நடத்தினால் அவர்களுடைய ஆசிரியர் ஏற்கனவே நன்றாகச் செய்கிற வேலையைச் சுமாராகத் திரும்பச் செய்கிறீர்கள். தனியாக எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பது அதைவிட மோசம். முதலில் வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லட்டும், அப்புறம் பக்கத்துப் பிள்ளையோடு பேசட்டும், கடைசியில் யார் விரும்புகிறார்களோ அவர்கள் மட்டும் எழுந்து சொல்லட்டும். ஒரு வகுப்பை வாரத்துக்கு ஒரு முறை, 40 நிமிடம்தான் பார்க்கக் கிடைக்கும் என்பது வழக்கம், எனவே ஒரு பாடத்தில் நாலு வாக்கியம் அவர்கள் வாயில் படிந்தாலே போதும்.

பிழை திருத்துவதிலும் நிதானம் வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஹீ, ஷீ இரண்டையும் மாற்றிப் போடும். சீனப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி. வினைச்சொல்லில் காலம் காட்டும் வழக்கமும் அந்த மொழியில் இல்லை. சிச்சுவான், ஹுனான் பக்கம் பலருக்கு ‘ந’வும் ‘ல’வும் குழம்பும். இதையெல்லாம் கவனக்குறைவு என்று எண்ணி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தால் அடுத்த வாரம் யாரும் பேச மாட்டார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, உள்ளூர் இங்கிலீஷ் ஆசிரியரை ஓரங்கட்டுவது. அவருடைய உச்சரிப்பைப் பிள்ளைகள் முன் ஒரு போதும் திருத்தாதீர்கள். நீங்கள் போன பிறகும் அந்த வகுப்பில் நிற்கப் போவது அவர்தான். வாரத் தொடக்கத்திலேயே எந்தப் பாடம் நடக்கிறது என்று அவரிடம் கேட்டு, அதே சொற்களை வைத்து உங்கள் வகுப்பை அமைத்தால் அவருக்கும் உதவி, பிள்ளைகளுக்கும் தேர்வுக்குப் பலன் என்று தோன்றும்.

மற்றவை சுருக்கமாக. தைவான், திபெத் பற்றி வகுப்பில் விவாதம் வேண்டாம், மதப் பிரச்சாரம் கூடவே கூடாது, மாட்டினால் உங்களை அழைத்த பள்ளியும் சேர்ந்து சிக்கும். பிள்ளைகளின் படங்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் அங்கே முடக்கம், பாடத்துக்கான வீடியோக்களை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் (WeChat) என்ற செயலியைப் புறப்படும் முன்பே போனில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மைய வெப்ப வசதி வட சீனாவுக்குத்தான். தெற்கே பல வகுப்பறைகளில் கோட்டைக் கழற்றாமல்தான் பாடம் நடத்த வேண்டியிருக்கும்.

கடைசியாகத் தேதி. பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, முதல் பருவம் சீனப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு முடிகிறது. அக்டோபர் விடுமுறைக்கு ஈடாகச் சனி, ஞாயிறிலும் வகுப்பு வைப்பார்கள், தேர்வுக்காக உங்கள் வகுப்பை அன்று காலையில்கூட ரத்து செய்வார்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பருவம் முடிகிற தேதி தெரிந்த பிறகு போடுங்கள், ஒவ்வொரு வகுப்பிலும் என்ன நடத்தினீர்கள் என்று எழுதி உள்ளூர் இங்கிலீஷ் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.